காருக்கு வந்த ஷெட்

அந்த வீட்டுக் கார் ஷெட்டில் கார் மட்டும்தான் இல்லை. ஓடாத கிரைண்டர், கால் உடைந்த கட்டில், வாங்கிய வாரமே ஓய்ந்த உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் உள்ளே சொகுசாக இருந்தன. கார் தெருவில் நின்று காக்கை எச்சம் சுமந்தது.

ஒருநாள் சாமான்கள் எல்லாம் வாடகைக் கிடங்குக்குக் கிளம்பின. லாரியில் ஏறும்போது சைக்கிள் காரைப் பார்த்து, "ரொம்பக் குதிக்காதே தம்பி. என்னையும் இப்போதைக்குன்னுதான் இங்க வச்சாங்க" என்றது.

கார் காதில் வாங்காமல் உள்ளே போய் ஜம்மென்று நின்றது.

மறுநாள் ஷெட்டைப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "இவ்வளவு இடம் சும்மாவா கிடக்குது?" என்றாள். சாயங்காலமே கார் தெருவுக்கு வந்தது. பழைய சோபா உள்ளே போனது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றது சோபா. "இப்போதைக்குத்தான்."