சாக்பீஸ் ஆய்வகம்

பேராசிரியை மங்கையர்க்கரசி கேட்ட ஆய்வகம் கடைசிவரை வரவே இல்லை. மாணவர்கள் தங்கள் கையாலேயே மெஷின்களைக் கட்டி, ஆராய்ச்சியும் செய்து, அடுத்து வருகிறவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது அவருடைய திட்டம். நிர்வாகம் வருஷா வருஷம் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றது. பொறுத்துப் பார்த்தவர், காலியாகக் கிடந்த கூடத்தின் தரையில் லேத்தையும் உலையையும் அசல் அளவிலேயே சாக்பீஸால் வரைந்துவிட்டார். பிள்ளைகள் கோட்டை மிதிக்க மாட்டார்கள், சுற்றிக்கொண்டுதான் போவார்கள். சுவரில் ஒரு மெயின் சுவிட்சும் வரைந்திருந்தார். அதை அணைக்காமல் எந்த மெஷினையும் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மறந்தவர்களுக்கு அன்று வகுப்பு கிடையாது.

இந்த வருஷம் மெக்கானிக்கலில் ஒருவரும் சேரவில்லை. துறையை மூடுகிறார்கள். கூடத்தைத் துடைத்துக் கொடுக்கும்படி ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னார். துப்புரவு ஆளை உள்ளே விடாமல், மங்கையர்க்கரசியே வாளியும் துணியுமாக வந்தார். கடைசி பேட்ச் மாணவி யாஸ்மின் கூடவே வந்தாள்.

லேத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, துணியைப் பிழிந்துகொண்டு குனிந்தார்.

"மேடம், கையை எடுங்க!"

யாஸ்மின் சுவரை நோக்கி ஓடினாள். வரைந்திருந்த சுவிட்சின் மேல் விரல்களை வைத்துக் கீழே இழுத்தாள்.

"ஆஃப் பண்ணிட்டேன் மேடம்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, லேத் சுற்றி ஓய்வதற்காக மங்கையர்க்கரசி காத்திருந்தார்.