கடைசி ஐந்து மைக்ரோலிட்டர்

திரையில் நாற்பத்தொரு கோடுகளும் தரையோடு படுத்துக் கிடந்தன.

நாற்பது படுத்திருக்கலாம். அவை இருமலோடு வந்தவர்களின் சாம்பிள்கள். நாற்பத்தொன்றாவது எழுந்திருக்க வேண்டும்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

ஃப்ளூ இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு சாம்பிளையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே இயந்திரத்தில் ஓட்டுவார்கள். அதன் கோடு ஏறினால்தான், மற்றவர்களுக்கு ஃப்ளூ இல்லை என்ற பேச்சுக்கு மதிப்பு. ஏறாவிட்டால், ஃப்ளூதான் இல்லையா, இயந்திரத்துக்குத்தான் கண் தெரியவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

நாற்பத்தாறு வாரமாக ஊரில் ஃப்ளூ இல்லை. வாராவாரம் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

"பெரிய ரவுடி ஏரியாவுக்குள்ள வந்துட்டான்ல, சின்ன ரவுடி பெட்டியைக் கட்டிட்டான்" என்பார் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்.

அவளுக்கு ரவுடிக் கதையில் நம்பிக்கையில்லை. எல்லோரும் மூக்கை மூடிக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். விமானங்கள் தரையில் நின்றன. புதுக் கிருமி அதையும் மீறிப் பரவியது. ஃப்ளூவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. ஒரு மூக்கிலிருந்து அடுத்த மூக்குக்குப் போக வழியில்லாமல் அடங்கிவிட்டது.

அப்படித்தான் நினைத்திருந்தாள். இந்தக் கோடு எழாவிட்டால் அப்படி நினைக்கவும் முடியாது.

போன் மூன்றாவது முறையாக அடித்தது. வார்டு டாக்டர். அந்த நாற்பதில் ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி, காலையிலிருந்து மூச்சு வாங்குகிறது, புதுக் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. ஃப்ளூவா, இல்லையா? அதைச் சொன்னால்தான் அடுத்து எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியும்.

"பார்த்துக்கிட்டு இருக்கோம் டாக்டர்" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

தலைமை ஆய்வாளர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து நின்றார்.

"இங்க பாரும்மா. முதல்ல இயந்திரம் இருபத்தெட்டாவது சுத்து ஓடும்போதே கோடு ஏறுது. அப்புறம் முப்பது. அப்புறம் முப்பத்திரண்டு. இன்னிக்கு எழுந்திருக்கவே இல்ல. சாம்பிள் குறையக் குறையத்தான் இப்படித் தள்ளிப் போகும். எவ்வளவு போட்ட?"

அவள் கையுறையின் விரல் நுனியை இழுத்து இழுத்து விட்டாள்.

"அஞ்சு மைக்ரோலிட்டர் போடணும் மேடம். அரை போட்டேன். மீதி தண்ணி."

ஊரில் ஒருவருக்கும் ஃப்ளூ வராததால் புதிதாகச் சேமித்து வைக்க வழியில்லை. வெளியிலிருந்து வர வேண்டியது வழியில் எங்கோ நிற்கிறது. அடுத்த வாரம் வருமாம். இருந்தது அந்த ஒரு ட்யூப்தான்.

"நகைப் பெட்டியைக்கூட யாரும் இப்படிக் காவல் காக்க மாட்டாங்க மேடம். அந்த ட்யூபை என்னைத் தொடக்கூட விட்டதில்ல" என்றார் அண்ணன்.

தலைமை ஆய்வாளர் சிரிக்கவில்லை. "தெரியாம செஞ்சிருந்தா சொல்லிக் கொடுத்திருப்பேன். நீ தெரிஞ்சே செஞ்சிருக்க. அங்க வயித்துப் பிள்ளைக்காரி மூச்சு முட்டிக்கிட்டுக் கிடக்கா. போ, முழு அஞ்சையும் போடு."

"போட்டா தீர்ந்துடும் மேடம்."

"தீரட்டும்."

ஃப்ரீசரைத் திறந்ததும் வெண்புகை முகத்தில் அடித்தது. நூற்றுப் பதினான்காம் எண் ட்யூப். பனிக்கட்டியில் வைத்து மெல்ல இளக விட வேண்டும். அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கடுகளவுதான் மிஞ்சியிருந்தது.

பிப்பெட்டை இரண்டு முறை எடுத்து, இரண்டு முறை கீழே வைத்தாள். மூன்றாவது முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் உறிஞ்சினாள்.

இயந்திரம் ஓடி முடிக்க ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை முறை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையைக் கழுவினாள். ஈரம் காய்வதற்குள் மறுபடி போய்க் கழுவினாள்.

இருபத்தொன்பதாவது சுற்றில் ஒரு கோடு எழுந்தது. கொஞ்சம் தயங்கி, பிறகு நேராக மேலே போனது.

மற்ற நாற்பதும் கடைசிவரை அசையவில்லை.

தலைமை ஆய்வாளர் போனை எடுத்தார். "டாக்டர், ஃப்ளூ இல்ல. இந்தத் தடவை நம்பலாம். வேற காரணத்தைப் பாருங்க."

ட்யூப் காலியானால், அந்தச் சாம்பிளை முதலில் எடுத்தபோது நிரப்பிய படிவத்தைத் தேடிப் பதிவேட்டில் ஒட்டிக் கணக்கை முடிக்க வேண்டும். அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

பெண். வயது ஐம்பத்தெட்டு. மூன்று நாள் காய்ச்சல், தும்மல்.

"நல்ல சாம்பிள்" என்றார் தலைமை ஆய்வாளர். இப்போது அவர் முகம் இளகியிருந்தது. "இந்த அம்மா நல்லா இருக்காங்களா? மறுபடி தும்முனா நம்ம பக்கம் வரச் சொல்லு."

"அந்தக் காய்ச்சல் ஒரு வாரத்துல சரியாயிடுச்சு மேடம்."

பொய்யில்லை. அந்தக் காய்ச்சல் சரியாகத்தான் போனது. ஐந்து மாதம் கழித்து வந்த இன்னொரு காய்ச்சலை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. அந்த இரண்டாவது காய்ச்சலின்போது மூன்று நாள் அவளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். நான்காம் நாள் பார்க்க ஒன்றுமில்லை என்றார்கள்.

படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்ற இடத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. தலைமை ஆய்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். எழுத்து அவளுடையது. அன்று விளையாட்டாக எழுதியது.

"மூக்குல குச்சி விடறதுக்காடி உன்னைப் படிக்க வெச்சேன் என்று, சாம்பிள் எடுத்தவரை நோயாளி கேட்டார்."