எவர்சில்வர் கிண்ணம்

ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் சுகந்தி சாம்பாரை எவர்சில்வர் கிண்ணத்தோடு மைக்ரோவேவில் வைத்துவிட்டாள். உள்ளே படபடவென்று பொறி பறந்ததும் அடுப்பு தானாகவே அணைந்து, "உலோகத்தை வைத்தது யார்?" என்று கேட்டது. அவள் கையுறை போட்டிருந்ததால் அதற்குக் கை அடையாளம் தெரியவில்லை.

பெயரைச் சொன்னால் அந்த ஆளின் கைக்கு ஒரு வருஷம் ஊரில் எந்த மின்னடுப்பும் இயங்காது. கேஸ் அடுப்பு இப்போது எந்த வீட்டிலும் கிடையாது. அப்புறம் இந்த வீட்டில் யார் சமைப்பது?

"மாமா" என்றாள் சுகந்தி.

மாமனார் மாசிலாமணி அப்போது மொட்டைமாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது, ஃப்ரிட்ஜில் இறுகிப்போன சோற்றை அவர் அப்படியே பிசைந்துகொண்டிருந்தார்.

"மத்தியானம் சுட வைக்கப் போனேம்மா. அடுப்பு முடியாதுன்னுடுச்சு. காலையில நான்தான் கிண்ணத்த உள்ள வச்சேனாம். எனக்குத் துளிகூட ஞாபகம் இல்ல பாரு. நல்லவேளை, நீ பக்கத்துல இருந்த."

சுகந்தி வாயைத் திறந்தாள்.

"குடுங்க மாமா, சூடு பண்ணித் தரேன்" என்றுதான் வந்தது.

சோற்றைப் பீங்கான் தட்டுக்கு மாற்றி அடுப்பில் வைத்தாள். அது சுழல்வதை அவர் தள்ளி நின்றே பார்த்தார்.

"இனிமே பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து நீயே கூட்டிட்டு வந்துடும்மா" என்றார். "அவளையும் எங்கயாவது மறந்து விட்டுட்டு வந்துட்டேன்னா?"