சிவப்பு வட்டம்

எல்லாப் பெயர்களையும் கணினியில் ஏற்றியாகிவிட்டது என்று சுகாதார நிலையத்தின் பழைய நோட்டுகளை நேற்றே எரித்துவிட்டார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களின் பெயரைச் சுற்றி நர்சுகள் சிவப்பு மையில் வட்டம் போட்டுவைப்பது அங்கே வழக்கம். பெயரைத் தட்டச்சு செய்தவர்கள் வட்டத்தை எங்கே அடிப்பார்கள்? பென்சிலின் ஊசிக்காக வந்து உட்கார்ந்திருந்த பவளக்கொடியின் பெயர் திரையில் மொட்டையாக நின்றது.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்லையே சிஸ்டர், போடுங்க," என்றார் டாக்டர்.

மருந்து நிரப்பிய ஊசியோடு நர்ஸ் எஸ்தர் நகரவில்லை. "இவங்களுக்கு ஒத்துக்காது டாக்டர். அந்த வட்டம் நான் போட்டது."

"அப்ப மத்தவங்களுக்கு?"

மற்ற வட்டங்கள் அவளுக்கு முன்பிருந்தவர்கள் போட்டவை. வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. அடுத்தவள் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எந்த ஊசியாவது ஒத்துக்காதாம்மா?"

"எனக்கென்ன தெரியும்? நோட்டைப் பாருங்க சிஸ்டர், அதுல இருக்கும்."