மேலே இருந்த சீட்டு

ஆங்கிலத் தேர்வு மையத்தின் வாசலில், வரிசையில் இருபதாவது ஆளாக நின்றபடி, நர்ஸ் ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடவில்லை.

"சப்ஸ்டான்ஷியல்," என்றான் அவள் புருஷன், சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கள்ளச் சரக்கு விற்பவனைப் போலக் குரலைத் தாழ்த்தி.

"ம்... கணிசமான."

"அலீவியேட்."

"தணிக்கிறது. ஆஸ்பத்திரியில தெனம் பண்றதுதான். அடுத்தது கேளுங்க."

எழுதப் போவது அவள். வாட்டர் பாட்டிலைக் காலி செய்ததென்னவோ அவன்.

இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் கேட்பது, படிப்பது, பேசுவது எல்லாவற்றிலும் தேறிவிட்டு எழுத்தில் மட்டும் அரை மதிப்பெண்ணில் கவிழ்ந்தாள். கட்டுரையில் சொல்வளம் போதாதாம்.

பதிமூன்று வருடமாக ஊசி போடுகிறவளிடம் உலகமயமாதலின் விளைவுகளை விவாதிக்கச் சொன்னார்கள். "நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது" என்று எழுதினாள். உண்மைதான். உண்மைக்கு அங்கே தனி மதிப்பெண் கிடையாது.

கடல் தாண்டி ஒரு மருத்துவமனை, மாதக் கடைசி வரை அவளுக்காக ஒரு வேலையைப் பிடித்து வைத்திருந்தது. தேறினால் இரண்டே மாதத்தில் விமானம். அவனும் மகளும் ஒரு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். தேறாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ.

சீட்டுகள் அவள் கைவேலை. வார்டில் காலியாகும் மருந்துப் பெட்டிகளை வெட்டி, அறுநூறு அட்டைகள். ஒரு பக்கம் ஏதாவது ஓர் இருமல் மருந்தின் பாதிப் பெயர், மறுபக்கம் ஒரு வார்த்தை.

சாயங்காலம் பத்து சீட்டைப் பொறுக்கிக் கட்டின் மேலே வைப்பாள். மறுநாள் காலையில் அவன் மகளுக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்பான். அவள் மூன்று டப்பாவில் சாப்பாட்டை அடைத்துக்கொண்டே பதில் சொல்வாள். சாப்பாட்டுக்கு முன் பத்து, தவறாமல்.

இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள், பால் வேண்டாம் என்பதற்கு 'நெவர்தலெஸ்' என்று சொல்லும் அளவுக்குக் குடும்பம் முன்னேறியிருந்தது.

வரிசை நகர்ந்தது. இப்போது பன்னிரண்டாவது ஆள்.

அவன் கையிலிருந்த பெரிய கட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பாக்கெட்டிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்னச் சீட்டுக் கட்டை எடுத்தான்.

"ஒன்னு சொல்லணும். திட்டறதா இருந்தா எழுதி முடிச்சிட்டு வந்து திட்டு."

நாற்பத்து மூன்று சீட்டுகள். சடை பின்னி முடித்ததும், கட்டின் மேலே இருப்பதை, நாளுக்கு ஒன்றாக, பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். முதன்முதலில் எடுத்ததில் 'இன்எவிட்டபிள்' என்று இருந்தது. தவிர்க்க முடியாத. அந்த ஒரு வருடப் பிரிவைத்தான் தவிர்க்கப் பார்த்தான்.

அவள் தோற்க வேண்டும் என்று அவன் நினைத்ததே இல்லை. அரை மதிப்பெண் குறைந்தால் போதும் என்றுதான் நினைத்தான்.

அவள் கட்டைப் பார்த்தாள். கையை நீட்டி வாங்கவில்லை.

"கேளுங்க."

"என்னது?"

"அதுலேருந்து கேளுங்க. நேரமாகுது."

கேட்டான். முதலாவதற்கு அவன் வாயை மூடுவதற்குள் பதில் வந்தது. இரண்டாவதற்கு அவன் பாதி சொல்லும்போதே வந்தது. மற்ற சீட்டுகளுக்கு 'ம்' போட்டு ஒரு நொடி யோசிக்கிறவள், இவற்றுக்கு யோசிக்கவே இல்லை. ஒன்பது கேட்டான். ஒன்பதும் சரி.

அவன் பத்தாவதை மறுபடி கட்டுக்குள் செருகினான்.

"ரெண்டாம் நாளே தெரியும்," என்றாள். "ஊரெல்லாம் போயி, பாக்கெட்டப் பாத்துட்டு மெஷின்ல துணியப் போடுங்கன்னு வகுப்பு எடுக்கற மெக்கானிக்கு நீங்க. உங்க பேண்ட்ட அப்படியே போட்டா என்ன அர்த்தம்? அட்டை கூழாப் போயிருந்துது."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். ரெண்டு நாள் பேசக்கூடாதுன்னுகூட முடிவு பண்ணேன்." காலணியைக் கழற்றிக்கொண்டே தொடர்ந்தாள். "ஆனா அந்தக் கூழாப்போன வார்த்தை மட்டும் நாள் பூரா மண்டைக்குள்ள ஓடுச்சு. அத்தனை நாளா நிக்காத வார்த்தை. சரி, இதுவும் நல்லாத்தான் இருக்குன்னு, அன்னிலேருந்து எது மறக்குதோ அதையே மேல வச்சேன். நீங்களும் ஒரு நாள்கூட லீவு போடல."

காவலாளி அவளை அழைத்தார். கடிகாரம் கூடாது, கைக்குட்டை கூடாது, காகிதம் கூடவே கூடாது. அவள் பெரிய கட்டை அவன் கையில் வைத்தாள்.

"கையில இருந்ததெல்லாம் மறந்துச்சுங்க. காணாமப் போனதுதான் மறக்கல," என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்துச் சோதனைக்கு நின்றாள். பிறகு படியேறிப் போனாள்.

கதவு மூடியது.

அவன் அந்த நடைபாதையிலேயே நின்றான். பெரிய கட்டில் ஐந்நூற்றுச் சொச்சம் சீட்டுகள் இருந்தன. ஒன்றுகூடக் காணாமல் போகாதவை.

உள்ளே மணி அடித்தது. தொடங்கிவிட்டார்கள்.

மேலே இருந்த சீட்டை, என்ன வார்த்தை என்றுகூடப் பார்க்காமல், எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டான்.

அப்புறம் அடுத்ததை.

காவலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பாக்கெட் நிறைந்ததும் பேண்ட் பாக்கெட்டைத் தொடங்கினான்.