போணி ஆகட்டும்

அவள் படியேறுவதைப் பார்த்ததும் அண்ணாச்சி சாமி படத்துக்குப் பத்தி கொளுத்த ஆரம்பித்துவிட்டார்.

இப்போது வாய் திறக்கக் கூடாது.

நான்கு வருஷம் இந்த ஜவுளிக்கடையில் நின்றவள். நின்றவள் என்றால் நின்றவள்தான். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. சித்திரையில் வேலையை விட்டாள். கடைசி இரண்டரை மாதச் சம்பளம், பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய், இன்னும் கைக்கு வரவில்லை.

இது ஆவணி.

பத்தி ஆயிற்று. சூடமும் ஆயிற்று. அண்ணாச்சி தினசரி காலண்டரில் தேதி கிழித்தார். கிழித்த தாளை நிதானமாக மடித்தார். பிறகுதான் அவள் அவர் கண்ணில் பட்டாள்.

"வா தாயி. போணி ஆகட்டும்."

முதல் வியாபாரம் ஆகாமல் கல்லாவிலிருந்து காசு வெளியே போகக் கூடாது. சரி. அது எல்லாக் கடையிலும் உள்ளதுதான்.

ஆனால் போணி ஆனதும் அண்ணாச்சி பேங்குக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்தால் சாப்பாடு. சாப்பிட்டால் தூக்கம். எழுந்து வருவதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். விளக்கு வைத்த பிறகு லட்சுமியை யாராவது வெளியே அனுப்புவார்களா? செவ்வாயும் வெள்ளியும் கேட்கவே வேண்டாம். அமாவாசை கிடையாது. அஷ்டமி, நவமி கிடையாது.

வாங்கிப் போட மட்டும் எல்லா நாளும் நல்ல நாள்.

அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இதே வார்த்தையை அவளும் சொல்லியிருக்கிறாள். பாவாடை தைத்துக் கொடுத்த தையல்காரர் கூலி கேட்டு வந்து நிற்பார். அண்ணாச்சி கண்ணைக் காட்டுவார். இவள் போய் வாசலிலேயே மறித்து, போணி ஆகவில்லை, அப்புறம் வாங்க என்று அனுப்பிவிடுவாள். அந்த மனுஷன் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

இன்று புதன்கிழமை. கிழமையில் ஒரு குறையும் இல்லை.

அவளாலும் இதற்கு மேல் பொறுக்க முடியாது. ஒற்றை அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறாள். தனிக் குழாய் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதினைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். அண்ணன் வீட்டில் இனி ஒரு ராத்திரிகூடத் தங்க முடியாது. நேற்று மதினி அவள் துணிப்பெட்டியைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டாள். அண்ணன் அதைத் தாண்டித்தான் உள்ளே போனான்.

தூணோரமாக நின்றாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு குடும்பமே ஏறி வந்தது. காதுகுத்து வைத்திருக்கிறார்களாம். பட்டுப்பாவாடை, வேட்டிகள், எட்டுச் சேலை. பேரம்கூடப் பெரிதாகப் பேசவில்லை. அண்ணாச்சி நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

அவள் முன்னால் வந்தாள்.

"பேங்குக்குப் போகணும் தாயி. நாளைக்குக் காலைல இதே மாதிரி வந்துரு, என்ன?"

இன்றைக்கே வேண்டும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பை எடுக்க உள்ளே போய்விட்டார்.

சேலைப் பிரிவில் சந்தனமாரி அக்கா விரித்துப் போட்டதையெல்லாம் மடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாக அங்கே இருப்பவள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நீ வாற அன்னைக்குத்தான் பிள்ள இங்க யாவாரமே ஓடுது. ராசிக்காரி, ராசிக்காரின்னு வீட்டம்மாகிட்ட போன்ல சொல்லிக்கிட்டுக் கெடக்காரு. கணக்கத் தீத்துட்டா நீ பெறகு எதுக்கு இங்க வரப்போற?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

நாற்பது காலையாவது இருக்கும். வெயிலிலும் தூறலிலும் நடந்து வந்து, இந்தத் தூணோரம் நின்று, இந்த ஆளுக்குப் போணி பண்ணிக் கொடுத்திருக்கிறாள். வேலையை விட்ட பிறகும் வேலை பார்த்திருக்கிறாள்.

அதற்கும் சம்பளம் இல்லை.

படியிறங்கினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் தையில் திறந்த புது ஜவுளிக்கடை. அதன் பெயரை அண்ணாச்சி வாயால் சொல்ல மாட்டார். தாடையால் காட்டுவார். அங்கே அப்போதுதான் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ரோட்டைக் கடந்தாள். செருப்பைக் கழற்றி, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். கைக்குட்டை ஒன்று கேட்டாள். இருபது ரூபாய். அந்தக் கடைக்காரப் பையன் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். இந்தக் கடையைப் பார்த்தார்கள். எதிர்க்கடையையும் பார்த்தார்கள். பிறகு அவளுக்குப் பின்னால் ஏறி வந்தார்கள்.

"ஏ தாயி."

எதிர்ப்படியில் அண்ணாச்சி. கையில் பேங்குக்குக் கொண்டுபோகும் மஞ்சள் பை.

ஒரு மினிபஸ் குறுக்கே போயிற்று. அது நகர்ந்தபோது அண்ணாச்சி நடுரோட்டுக்கு வந்திருந்தார். காலில் செருப்பு இல்லை.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கைக்குட்டையை விரித்து, நான்கு மூலையும் சரியாக வரும்படி மறுபடி மடித்தாள். பிறகு ரோட்டுக்குக் கேட்கும்படியாகவே பையனிடம் விசாரித்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்குத் தம்பி கட தொறப்பிய?"