திருப்பிப் போட்ட கூரை

"உன் மாமா கட்டின லட்சணத்தைப் பாருடா! வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது" என்று தையல் மெஷினை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகச் சொன்னாள் அக்கா.

வெல்டரான தம்பி, வீட்டை ஒட்டி நின்ற பசுமைக்குடிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"மாமா, நீளமான சரிவு வெயில் வர்ற பக்கம் இருந்தாத்தான் செடிக்கு வெளிச்சம் இறங்கும். நீங்க அதை வீட்டுப் பக்கம் தாழ இறக்கியிருக்கீங்களே!"

"கட்டியாச்சு, விடு மாப்ளே" என்றார் அக்காவின் கணவரான மாமா.

"எப்படி விடறது?" என்றாள் அக்கா. "பாதித் தக்காளி பழுக்கவே மாட்டேங்குது. என் மெஷின் ஓடலைன்னா இங்கே அடுப்பே எரியாது."

"கவலைப்படாதக்கா. உசரமான முகட்டை வீட்டுப் பக்கம் மாத்திட்டா போதும்."

தம்பி ஒரு பால்நிறக் கூரை ஷீட்டை எடுத்து, புது முகடு வரவேண்டிய இடத்தில், அக்காவின் ஜன்னலுக்கு நேரே, அதே உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான்.

உள்ளே மெஷின் நின்றது.

"யாருடா அது வெளிச்சத்தை மறைக்கிறது? ஊசிக் காதே தெரியலை!"

தம்பி மாமாவைப் பார்த்தான். அவர் தக்காளிச் செடியை அன்றுதான் முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி ஷீட்டைக் கீழே வைத்தான்.

"கூரை இப்படியே இருக்கட்டும்கா. உள்ளே தரையில வெள்ளை ஷீட் விரிச்சா, செடிக்குக் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி விழும்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

"அதானே! மாமனும் மச்சானும் கூட்டுச் சேர்ந்துட்டீங்க. இந்த வீட்டுல என்னைப் பத்தி எவனுக்குக் கவலை?"